வலது என்ஜினின் ரோஷம்

விமானம் விழுந்து முடிந்த பிறகுதான் அதன் வலது என்ஜின் ஓடத் தொடங்கியது. ஓடுபாதை முடிகிற இடத்தில் ஒரு கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஒரு தெரு, தெருவின் கடைசியில் ஒரு லாண்டரி. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை மொத்தமாக எடுத்துத் துவைத்துக் கொடுக்கும் லாண்டரி அது. கொல்லை முழுக்க வரிசை வரிசையாகக் கொடி கட்டியிருக்கும். கிளம்பிய சற்று நேரத்திலேயே என்ஜின் கோளாறாகித் திரும்பிய ஒரு சின்ன ரெட்டை என்ஜின் விமானம், ஓடுபாதை வரை வந்துசேர முடியாமல், காலை வேளையில் அந்தக் கொல்லைக்குள் இறங்கியது. ஈர விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கட்டிப்பிடித்து நிறுத்தின. இடது என்ஜின் மூக்கோடு மண்ணுக்குள் போய்விட்டது. வலது றெக்கை, டீக்கடையில் முழங்கையை ஊன்றி நிற்பவரைப் போல, துணி ஊறவைக்கும் சிமெண்டுத் தொட்டியின் மேல் சாய்ந்து நின்றது. உள்ளே இருந்தது பைலட்டும் ஒரு பல் டாக்டரும் மட்டுமே. பல் டாக்டர் வெள்ளை விரிப்பு ஒன்றைப் போர்த்தியபடி தெருவுக்கு நடந்து வந்து தண்ணீர் கேட்டபோது எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். பைலட்டை லாண்டரி அக்கா அக்குளில் கை கொடுத்து இழுத்து வெளியே போட்டாள். யாருக்கும் பெரிய அடி இல்லை என்று தெரிந்து கூட்டம் பெருமூச்சு விட்ட அந்த நேரத்தில்தான், யாரும் தொடாமலே, வலது பக்கத்து விசிறி ஒரு தும்மல் தும்மிச் சுற்ற ஆரம்பித்தது.

லாண்டரி அக்கா என்பது தெரு வைத்த பெயர். நாற்பதை எட்டியிருந்தாள், கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் சட்டைக் காலரில் அழுக்கு இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. தம்பியும் தம்பி பெண்டாட்டியும் அவளுடன் இருந்தார்கள். தம்பி வண்டி ஓட்டித் துணி கொண்டுவந்து கொடுப்பான். தம்பி பெண்டாட்டி இஸ்திரி போடுவாள், ஓயாமல் பேசுவாள். அன்று பைலட்டைச் சுவரோரம் உட்கார வைத்தபோது, அவர் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் காலைக் காணோமே,” என்றார்.

“இருக்கு, இருக்கு. பதறாதீங்க,” என்று சொல்லி அவள் அவருடைய ஷூவைக் கழற்றினாள். புத்தம் புதிய ஷூ, கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஆனால் பாதத்தைவிட ஒரு அளவு சின்னது. கழற்றவே முடியவில்லை. கடைசியில் சோப்புத் தண்ணீர் ஊற்றித்தான் வழுக்கி எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்த கால் நாளெல்லாம் தண்ணீரில் ஊறியது போல வெளுத்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. “இந்தக் காலுக்கு இந்த ஷூவை எந்தப் புண்ணியவான் வித்தான்?” என்றாள். அப்புறம் ஆம்புலன்ஸ் வந்தது, அவர் ஒற்றை ஷூவோடு ஏறிப் போனார். மற்றதை அவள் காலியான சோப்புத்தூள் டின்னில் போட்டு வைத்தாள். யாராவது கேட்டு வருவார்கள் என்று நினைத்தாள். யாரும் வரவில்லை.

டாங்கில் இருந்த எண்ணெய் மறுநாளே தீர்ந்துபோனது. என்ஜின் அதைப் பொருட்படுத்தவில்லை. தீயணைப்பு வண்டிக்காரர்கள் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். விமானக் கம்பெனிக்காரர்கள் வயர்களை வெட்டிப் பார்த்தார்கள். கிரேன் ஓட்டுபவர் வந்து, சுற்றுகிற விசிறிக்குப் பக்கத்தில் தன் வண்டி வராது, வண்டி வந்தாலும் தான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பல் டாக்டரை விசாரித்ததில் விமானம் ஏறியதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகவும், அதனால் எல்லாம் நல்லபடியாகவே நடந்ததாகத் தனக்குத் தோன்றியதாகவும் சொன்னார். விசாரணைக் குழுவின் தலைவர் கோட்டுப் போட்டவர், தலைமுடியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழுத்து வாரி வழுக்கையை மறைத்தவர். பைலட் சொன்னதைக் கேட்டு, பறக்கும்போது வலது என்ஜின் பழுதாகி நின்றுவிட்டது என்று குழு முடிவு செய்தது. மண்ணுக்குள் போன இடது என்ஜினைத் தோண்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதன்மேல் யாருக்கும் புகார் இல்லை. இந்த முடிவைத் தலைவர் லாண்டரிக் கொல்லையில் நின்று பத்திரிகைக்காரர்களுக்கு வாசித்தார். “வலது என்ஜின் பழுது” என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் என்ஜின் ஒரு உறுமல் உறுமியது. அவருடைய தலைமுடி எழுந்து கொடி போல நின்றது. அன்றைய பத்திரிகைகளில் வந்த படம் அதுதான். ஓடுகிற என்ஜின் எப்படிப் பழுதாக இருக்க முடியும் என்று ஒருவர் கேட்டார். பழுது பழுதுதான், அது இப்போது ஓடுவது வேறு விஷயம், அதை விசாரிக்கத் தங்கள் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று தலைவர் தலையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

பழுதான என்ஜினோடு ஊருக்குள் விழாமல் கொல்லையில் இறக்கியதற்காக பைலட்டுக்குப் பாராட்டு விழா எடுத்துக் கேடயம் கொடுத்தார்கள். அந்த என்ஜினைக் கடைசியாகப் பழுது பார்த்த மெக்கானிக்கை வேலையை விட்டு அனுப்பினார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன.

முதல் மாதம் தெரு தூங்கவில்லை. இரண்டாம் மாதம் கத்திப் பேசப் பழகிக்கொண்டது. மூன்றாம் மாதத்தில் லாண்டரி அக்கா ஒன்றைக் கவனித்தாள். கொடிகள் அத்தனையும் அந்த விசிறியின் காற்றுப் பாதையில்தான் இருந்தன. காலையில் போட்ட விரிப்பு, அடுத்த கூடையை எடுத்து வருவதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. மழைக்காலம் வந்தது. ஊரில் மற்ற லாண்டரிகள் எல்லாம் ஈரத்துணியைத் திண்டாடிக் காயவைத்துக்கொண்டிருக்க, இவளுடையது மட்டும் மொடமொடவென்று போய்ச் சேர்ந்தது. பெரிய ஓட்டல்கள் தேடி வந்தன. என்ஜினை எடுத்துத் தொலையுங்கள் என்று கம்பெனிக்குத் தினம் போன் செய்துகொண்டிருந்தவள், போன் செய்வதை மறந்துபோனாள்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்தது தம்பி பெண்டாட்டி. ஒருநாள் இஸ்திரிப் பெட்டியின் சூடு பத்தவில்லை என்ற எரிச்சலில், அவள் கொல்லைப் பக்கம் திரும்பி, “கெட்டுப்போனதுக்கு இத்தனை சத்தம் எதுக்கு?” என்று ஒரு சொல் சொன்னாள். அடுத்த நொடி தலையணை உறைகள் கிளிப்போடு பிய்த்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடுபாதைக்குப் போய்விட்டன. இரண்டு விமானங்கள் இறங்க முடியாமல் வானத்தில் வட்டமடித்தன. பயந்துபோய், “இல்ல ராசா, உன்ன மாதிரி உண்டா, நீ தங்கம்,” என்றாள். வேகம் உடனே தணிந்தது. அன்றிலிருந்து கனமான துண்டுகளைக் காயவைக்க வேண்டுமென்றால் அதை லேசாகக் குத்திக்காட்டுவார்கள். மெல்லிய துணி என்றால் கொஞ்சுவார்கள். ஆனால் எவ்வளவு கொஞ்சினாலும் அது நிற்கவில்லை. பாராட்டு அதற்குப் பிடித்திருந்தது, ஆனால் அது காத்திருந்தது வேறு எதற்கோ என்று தெரிந்தது.

பைலட் மாலையில் வருவார். ஓடுகிற என்ஜினுக்கு அதைக் கடைசியாக இயக்கியவரே பொறுப்பு என்று எங்கோ ஒரு விதி இருந்ததாம். அதனால் தினமும் வேலை முடிந்ததும் வந்து அதை நிறுத்த முயற்சி செய்ய வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வருவார், சரிந்து கிடக்கும் விமானத்துக்குள் ஏறுவார், சாவியைத் திருப்புவார், லிவரை இழுப்பார், இறங்குவார். “நிக்கல,” என்பார். “தெரியுது,” என்பாள் லாண்டரி அக்கா. பிறகு டீ வரும். அவருக்கென்று ஒரு மர நாற்காலி கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மனைவி போய்ப் பல வருஷம் ஆனவர், முடி திருத்தும் கடைக்கு மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். இப்போது இரண்டு அளவு பெரிய ஷூ போட்டிருந்தார்; நடக்கும்போது டபடபவென்று சத்தம் வரும். காலையில் அவர் விமானம் லாண்டரிக்கு மேலே பறந்து போகும்போது கீழே இருக்கிற என்ஜின் ஒரு இருமல் இருமும். அவர் காலர் மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கும் என்பதை லாண்டரி அக்கா முதல் நாளே பார்த்துவிட்டாள்.

“அண்ணி, அந்த மனுஷர் என்ஜினை நிறுத்த வர்றாரா, இல்ல அது நிக்கலன்னு நிச்சயப்படுத்திக்க வர்றாரா?” என்று தம்பி பெண்டாட்டி கேட்டாள்.

“உனக்கு மடிக்க உறை இல்லையா?”

“இருக்கு. வாயும் இருக்கு.”

இப்படி இரண்டு வருஷம் போனது. மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு மாலை, டீ குடித்தபடி பைலட் தன் தொழிலைப் பற்றிப் பேசினார். ரெட்டை என்ஜின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், எது நின்றது என்று அந்தப் பதற்றத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எதிர்காற்றில் விசிறி இரண்டும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். காலைக் கேட்க வேண்டும் என்றார்.

“காலையா?”

“ஆமா. ஒரு பக்கம் நின்னா மூக்கு அந்தப் பக்கம் இழுக்கும். நேராக்க எதிர்ப்பக்கத்து மிதியைக் காலால அழுத்திப் பிடிப்போம். அப்ப இன்னொரு கால் சும்மா கிடக்கும். எந்தக் கால் சும்மா கிடக்குதோ அந்தப் பக்கத்து என்ஜின் செத்துப்போச்சுன்னு அர்த்தம். உடனே அதை நிறுத்திட்டு மத்ததோட பலத்துல வந்துடலாம். செத்த கால் பக்கம் செத்த என்ஜின். முதல் நாள் பாடமே அதுதான்.”

“அன்னைக்கு எந்தக் கால் சும்மா கிடந்துச்சு?”

“வலது,” என்றார் பைலட், பாடம் ஒப்பிப்பவர் போல. என்ஜின் உறுமியது. டீ கிளாஸ் நாற்காலிக் கையிலிருந்து நடுங்கி நகர்ந்தது.

லாண்டரி அக்கா அவருடைய பெரிய ஷூக்களைப் பார்த்தாள். பிறகு உள்ளே பரணில் இருந்த சோப்புத்தூள் டின் நினைவுக்கு வந்தது. வெளுத்துப்போய் உயிர் இல்லாமல் கிடந்த ஒரு பாதம் நினைவுக்கு வந்தது. சும்மா கிடக்கிற கால் வேறு, மரத்துப்போன கால் வேறு. மிதியை உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்த வலது காலில் உணர்ச்சியே இல்லாததால், அதையே செத்த கால் என்று எண்ணி, இந்த மனிதர் ஓடிக்கொண்டிருந்த நல்ல என்ஜினைத் தன் கையால் நிறுத்திவிட்டிருக்கிறார். நின்றுபோனது இடது. கால் ஒரு அளவு சின்னதாகத் தெரியட்டும் என்ற ஆசையில் வந்த வினை. அவள் நிமிர்ந்தபோது பைலட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அவள், “இன்னும் கொஞ்சம் டீ?” என்றாள்.

அன்றிரவு முதல் அவளுக்கு ஒரு யோசனை. அந்த என்ஜின் எதற்காக ஓடுகிறது என்று இப்போது புரிந்துவிட்டது. ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, அதோடு விடாமல், கெட்டுப்போனது என்று ஊரெல்லாம் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ‘தப்பு உன்மேல் இல்லை’ என்று சொல்ல வேண்டியவர் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். ஆனால் சொன்னால் அவர் பறக்கிற உரிமை போய்விடும். என்ஜின் நின்றால் இவள் காற்று போய்விடும். நிறுத்த ஒன்றும் இல்லை என்றால் அவர் மாலையில் வர வேண்டிய அவசியமும் போய்விடும். இந்த மூன்றில் எதற்காகத் தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று அவள் பல நாள் யோசித்தாள். முதலாவதுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் வேகமாகவே சொல்லிக்கொண்டாள்.

வேலையை இழந்த மெக்கானிக் அதே தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் கடையில் ஒரு விசேஷம்: எந்த நட்டையும் அவர் ஒருமுறை முறுக்கியதோடு விட்டுவிட மாட்டார். முறுக்குவார், கழற்றிப் பார்ப்பார், மறுபடி முறுக்குவார், வாடிக்கையாளர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத் திரும்பும் முன் பின்னாலேயே ஓடிவந்து இன்னொரு முறை முறுக்குவார். மரை தேய்ந்துபோன சைக்கிள்கள் அந்தப் பகுதியில் ஏராளம். ஜனங்கள் கேலி செய்தாலும் அவர் காதில் வாங்க மாட்டார். லாண்டரியைக் கடக்க நேர்ந்தால் மட்டும் எதிர்ப்பக்கம் போய், தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்.

ஒருநாள் லாண்டரியின் தள்ளுவண்டிச் சக்கரம் கழன்றது. துணி ஏற்றிய வண்டியை நகர்த்த முடியாததால் தம்பி பெண்டாட்டி போய் அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர் என்ஜினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சக்கரத்தை மாட்டினார், கழற்றினார், மாட்டினார். மாலை ஆகிவிட்டது. நாற்காலியில் பைலட் இருந்தார்.

“கேப்டன், நீங்க ஒருதரம் ஆட்டிப் பாருங்க,” என்றார் மெக்கானிக். “என் கை மேல எனக்கு நம்பிக்கை இல்ல.”

பைலட் எழுந்து வந்து சக்கரத்தை ஆட்டினார். “நல்லா இருக்கு.”

“நீங்க சொன்னா சரி. அன்னைக்கும் நல்லா இருக்குன்னுதான் நான் நினைச்சேன்.” அவர் முதல் தடவையாகத் திரும்பி என்ஜினைப் பார்த்தார். “ரெண்டு உயிரு போயிருக்கும், கேப்டன். எதை விட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அன்னைக்கு ஓடாம இப்ப ஓடுது பாருங்க. என்னை அசிங்கப்படுத்தத்தான் ஓடுது.”

என்ஜின் அந்த நேரம் தாழ்ந்த குரலில், இல்லை இல்லை என்பது போல முனகியது. அதை லாண்டரி அக்காவும் பைலட்டும் கேட்டார்கள். கேட்க வேண்டியவர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் பைலட் வரவில்லை. தம்பி பெண்டாட்டிகூட அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவ்வளவு மோசமாக இருந்தது வீடு. லாண்டரி அக்கா விரிப்புகளைக் கொடியில் போட்டாள், எடுத்தாள். சைக்கிள் கடைப் பக்கம் போய் வந்தாள். மெக்கானிக் ஒரு சின்னப்பிள்ளையின் மூன்று சக்கர வண்டியை முறுக்கிக்கொண்டிருப்பதையும், அந்தப் பிள்ளை அழுது முடித்துத் தூங்கிப்போயிருப்பதையும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து ஏணி போட்டுப் பரணில் ஏறினாள். டின்னைத் திறந்தாள். ஷூ சோப்புத்தூள் டின்னில் கிடந்ததால் வாசனையாக இருந்தது. தண்ணீர் கொதிக்கிற அண்டா பக்கத்திலேயே இருந்தது. அதில் போட்டால் ஒரு மணி நேரத்தில் கூழாகிவிடும். அண்டாவையும் பார்த்தாள், ஷூவையும் பார்த்தாள். பிறகு அதைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி, பைலட்டின் நாற்காலியில் வைத்தாள். முடி திருத்தும் கடைக்காரரிடம், மாடியில் இருப்பவரின் சாமான் ஒன்று தன்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். மெக்கானிக்குக்கு, சக்கரம் மறுபடி ஆடுகிறது என்று சொல்லி அனுப்பினாள். சக்கரம் ஆடவில்லை.

இரண்டு பேரும் அன்று மாலையே வந்தார்கள். பைலட் நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கிளிப்புகளை எண்ணுவதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் உட்கார்ந்து தன் பெரிய ஷூவைக் கழற்றிவிட்டு இந்தச் சின்ன ஷூவுக்குள் வலது காலைத் திணித்தார். திணித்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் ஆடாத சக்கரத்தை ஆட்டிக்கொண்டே இதைப் பார்த்தார். வெகு நேரம் கழித்து, கால் நன்றாக மரத்துப்போன பிறகு, பைலட் எழுந்து நொண்டி நொண்டி என்ஜினுக்கு முன்னால் போய் நின்றார்.

“தப்பு உன்மேல இல்ல,” என்றார். காற்றில் அவர் கத்த வேண்டியிருந்தது, தெருவே கேட்டது. “நின்னது இடது. நீ நல்லா ஓடிட்டு இருந்தே. என் கால் மரத்துப்போயிருந்துச்சு, அதைச் செத்த கால்னு நினைச்சு நான்தான் உன்னை நிறுத்தினேன். நிறுத்திட்டு உன்மேலயே பழியும் போட்டேன்.” பிறகு திரும்பி மெக்கானிக்கிடம், “உங்க மேலயும்,” என்றார்.

என்ஜின் சற்று நேரம் ஓடியது, இன்னொரு தடவை கேட்க ஆசைப்படுவது போல. அவர் இன்னொரு தடவை சொன்னார். விசிறியின் வேகம் குறைந்தது; வெறும் வட்டமாகத் தெரிந்த இடத்தில் மூன்று தகடுகள் தனித்தனியாகத் தெரிந்தன; கடைசியில் ஒரு தகடு மேலே நிமிர்ந்து நிற்க, நின்றது. விரிப்புகள் ஒவ்வொன்றாகக் கொடியில் தளர்ந்தன. தெரு அதுவரை மறந்திருந்த சத்தங்கள் எல்லாம் திரும்பி வந்தன: குழாய் சொட்டுவது, யாரோ பாத்திரம் கழுவுவது. கத்திப் பேசிப் பழகியவர்கள் அப்படியே கத்திப் பேசினார்கள். மூன்று வருஷமாகப் பெண்டாட்டி என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எதிர்வீட்டுக்காரருக்கு அன்றுதான் கேட்டது. மெக்கானிக் என்ஜின் பக்கம் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார், சூடு பொறுக்காமல் எடுத்தார், ஊதிக்கொண்டார், சிரித்தார். பைலட்டை ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது தள்ளுவண்டிச் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, “இது நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி முறுக்கிப் பார்க்கத் திரும்பி ஓடிவரவில்லை.

மண்ணைத் தோண்டி இடது என்ஜினை எடுத்தார்கள். அதற்கு எண்ணெய் தரும் டாங்குக்குக் காற்றுவிடும் குழாயை ஒரு குளவிக்கூடு அடைத்திருந்தது. கூடு கட்டிய குளவிமேல் நடவடிக்கை எடுக்க வழி இல்லை. விசாரணைக் குழுத் தலைவர் இம்முறை தொப்பியோடு வந்து, முன்பு சொன்னது முன்பு சரி, இப்போது சொல்வது இப்போது சரி என்றார். மெக்கானிக்கை மரியாதையோடு திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் முறுக்கியதைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் அவரை விட்டுப் போனது. பைலட்டின் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். கேடயத்தையும் திருப்பிக் கேட்டார்கள். அதைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க லாண்டரியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்ததால் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

பிறகு அடுத்த மழைக்காலம். விரிப்புகள் காயவில்லை. கொல்லையிலும், இஸ்திரி அறையிலும், படுக்கிற அறையிலும் ஈரத்துணி தொங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு மேலே ஏதாவது ஒரு ஓட்டலின் துண்டு சொட்டியது. ஓட்டல்காரர்கள் முதலில் கேட்டார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு வேறு இடம் பார்க்கத் தொடங்கினார்கள். மர நாற்காலியிலும் ஒரு கூடை ஈரத்துணி ஏறிக்கொண்டது.

“அண்ணி, காத்து இல்லன்னு இப்படி இருக்கீங்களா, ஆளு இல்லன்னா?”

“ரெண்டும் ஒண்ணா வந்துச்சு, ஒண்ணா போச்சு. எதுன்னு நான் எங்கே பிரிச்சுப் பார்க்க?” என்றாள் லாண்டரி அக்கா. அவள் இப்படி நேராகப் பதில் சொன்னதில் தம்பி பெண்டாட்டியின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி ஒரு உறையைப் பொசுக்கிவிட்டது.

இருவரும் கொல்லைக்குப் போய் என்ஜினைத் திட்டிப் பார்த்தார்கள். லாண்டரி அக்காவுக்கு அவ்வளவாகத் திட்ட வரவில்லை. தம்பி பெண்டாட்டிக்கு வந்தது. தம்பி காதைப் பொத்திக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். விசிறி அசையவில்லை. தப்பு தன்மேல் இல்லை என்று உரியவர் வாயால் கேட்டுவிட்ட பிறகு, ஊரில் யார் என்ன சொன்னால் அதற்கென்ன? லாண்டரி அக்கா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கை துடைத்துக்கொண்டு, ஈரப் புடவையோடு, முடி திருத்தும் கடை மாடிக்குப் போனாள். பைலட் ஜன்னலோரம் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் அழுக்காக இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

“நீங்க வந்து அதைத் திட்டணும்,” என்றாள்.

“யாரை?”

“உங்க என்ஜினை. நாங்க திட்டினா காதுலயே வாங்க மாட்டேங்குது. நீங்க சொன்னாத்தான் அதுக்கு உறைக்கும்.”

“மறுபடியும் பொய் சொல்லச் சொல்றீங்களா?” என்றார் பைலட். “ஒரு தடவை சொன்னதுக்கே இந்தக் கதி.”

“அப்ப அது பொய்னு யாருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மெக்கானிக்குக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். அதுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கிறப்ப அதுல யாருக்கு என்ன நஷ்டம்? சாயங்காலம் வந்து மன்னிப்புக் கேட்டுடுங்க.”

அவர் யோசித்தார். “தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை லீவு,” என்றாள் அவள்.

மறுநாள் காலை பைலட் வந்தார். சட்டை வெளுத்து இஸ்திரி போட்டிருந்தது. கூடையை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்தார். என்ஜின் முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, “அன்னைக்கு நின்னது நீதான்,” என்றார். வெடிச் சத்தம்போல ஒரு தும்மல். கொடிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் எழும்பின. எதிர்வீட்டுக்காரர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். மாலையில் பைலட் திரும்ப வந்து தப்பு தன்னுடையது என்று சொன்னார். அது கொஞ்சம் பிகு செய்துவிட்டு நின்றது.

அதுமுதல் அப்படித்தான். அடுத்த வருஷம் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாலை வேளை வந்து போகிற நேரம் மிச்சமாயிற்று. மாப்பிள்ளைக்கு ஷூ வாங்க மணப்பெண்ணே கடைக்குக் கூடப் போனாள். அவர் மறுபடி பறக்கவில்லை. தலைக்கு மேலே விமானம் போகும்போது நிமிர்ந்து பார்ப்பார், சத்தத்தை வைத்து இரண்டு என்ஜினும் ஓடுகிறதா என்று சொல்வார், கிளிப் மாட்டப் போய்விடுவார். மழை நாட்களில் காலையில் சற்றுக் கடுமையாகத் திட்ட வேண்டியிருக்கும்; அன்று மாலை மன்னிப்பும் சற்று நீளும். தெருவில் அதைக் கேட்டுத்தான் விளக்குப் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ஜினை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அது ஓடுவதும் இல்லை. ஆனாலும் மாலையானால் அவர் பழக்கத்தில் கொல்லைக் கதவோரம் வந்து நின்று தப்பு தன்மேல்தான் என்று ஒரு தரம் சொல்லிவிடுவார். அப்போது என்ஜினுக்கும் அவருக்கும் நடுவில் லாண்டரி அக்கா துணி மடித்துக்கொண்டிருப்பாள். அந்த மன்னிப்பில் எவ்வளவு என்ஜினுக்கு, எவ்வளவு தனக்கு என்று அவள் பிரித்துப் பார்ப்பதில்லை. துணி காய்ந்துவிடுகிறது.